சபையார் வாசித்த மேற்படி

ராஜபாளையம்
19-9-2024

அன்புள்ள பரிபூரணத்துக்கு,

இங்கு நான் சுகம். நீ உன் தம்பி ஜோயல் வீட்டில் சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். அடுப்படியில் மிளகாய்த்தூள் எது, சாம்பார்த்தூள் எது என்று எனக்குத் தெரியாது. இரண்டும் ஒரே நிறம். நேற்று சாப்பிடும்போது தெரிந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அறுப்பின் பண்டிகையில் நடந்ததற்கு நான் மட்டும் காரணம் அல்ல. ஆராதனை முழுவதும் ஒரே தாளில் அடங்க வேண்டும் என்று சொன்னது போதகர். அடித்துத் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டது மட்டும்தான் நான். நன்றிச் சங்கீதத்தில் போதகர் ஒரு வரி வாசிப்பார், சபையார் பதில் வரி வாசிப்பார்கள். சபையாரின் வரி முதலிலிருந்து கடைசிவரை ஒரே வரி. கிருபை என்றைக்கும் உண்டு என்பது அதன் சாரம். முதல் இடத்தில் அதை முழுசாகப் போட்டேன். மற்ற இடங்களில் 'மேற்படி' என்று போட்டேன். பத்திரத்தில் ஊரையும் சர்வே எண்ணையும் நான் இப்படித்தான் போடுகிறேன். எந்தச் சார்பதிவாளரும் இதுவரை திருப்பி அனுப்பியதில்லை.

தாளில் உள்ளதை உள்ளபடியே வாசிப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எல்லோருக்கும் மனப்பாடமான வரிதானே.

இதற்காக மறுநாள் காலையிலேயே நீ பஸ் ஏறியது அதிகம். அர்த்தம் எதுவும் மாறவில்லை. வீட்டுக்கு வரவும்.

இப்படிக்கு,
பா. பால்சாமி
பத்திர எழுத்தர்


ஸ்ரீவில்லிபுத்தூர்
23-9-2024

பியூலா அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. எவர்சில்வர் டப்பாவில் இருப்பது சாம்பார்த்தூள். கண்ணாடிப் பாட்டிலில் இருப்பது மிளகாய்த்தூள். முகர்ந்து பார்த்தும் தெரிந்துகொள்ளலாம்.

நான் பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்றேன். போதகர் சூரியன் உண்டானதை வாசிக்கிறார். சபை எழுந்து நின்று 'மேற்படி' என்கிறது. கடல் பிளந்ததை வாசிக்கிறார். 'மேற்படி.' வயதானவர்கள் சிலர் சரியான வரியைத்தான் சொன்னார்கள். வாலிபர் சங்கத்துப் பையன்களின் சத்தத்தில் அது அமுங்கிப்போனது. கடைசியில் போதகருக்கே குழம்பி, 'மேற்படி, ஆமென்' என்று முடித்தார். மதுரையிலிருந்து வந்த விருந்தினர் கைக்குட்டையை வாயிலிருந்து எடுக்கவே இல்லை. பிறகு காணிக்கைக் காய்கறி ஏலம். பூசணிக்காய்க்கு ஒருவர் நூறு ரூபாய் என்றார். அடுத்தவர் 'மேற்படி' என்றார். ஏலம் விட்ட உபதேசியார் யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் பூசணிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மறுநாள் காலையில் பால்காரர் என்னை 'மேற்படி அம்மா' என்று கூப்பிட்டார்.

ஆனாலும் நான் கிளம்பி வந்தது அதற்காக இல்லை. பண்டிகையன்று மத்தியானம் உங்களுக்குச் சோறு போட்டுக்கொண்டே கேட்டேன், ஒரு வரியைத் திரும்பச் சொன்னால் குறைந்தா போய்விடுவீர்கள் என்று. நீங்கள் சொன்ன பதில் எனக்கு மறக்கவில்லை.

“ஒருவாட்டி சொன்னா, ரத்து பண்ணுற வரைக்கும் அது செல்லும்லா, பரிபூரணம்.”

கல்யாணமான வருஷம் என் மீன்குழம்பு நன்றாக இருக்கிறது என்று சொன்னீர்கள். அதற்குப் பிறகு சொல்லவே இல்லை. அதுவும் செல்லும் என்றுதானே இத்தனை காலம் சும்மா இருந்தீர்கள்?

உங்கள் போனை நான் எடுக்க மாட்டேன். நான் பேச ஆரம்பித்தால் 'அதான் தெரியுமே' என்று வைத்துவிடுவீர்கள். கடிதத்தைப் பாதியில் வைக்க முடியாது. நேரிலும் வர வேண்டாம். வந்தால் தம்பி உங்களுக்கு ஆட்டுக்கறி எடுப்பான். சாப்பிட்டுவிட்டு 'கிளம்பு' என்பீர்கள்.

ஒரே ஒரு நிபந்தனை. அந்த வரி ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று கண்டுபிடித்து எழுதுங்கள். பதில் சரியாக இருந்தால் நானே வீட்டுக்கு வருகிறேன்.

பரிபூரணம்


ராஜபாளையம்
28-9-2024

அன்புள்ள பரிபூரணத்துக்கு,

உன் நிபந்தனை வந்து சேர்ந்தது. விசாரித்துவிட்டேன்.

முதலில் போதகரைக் கேட்டேன். வலியுறுத்துவதற்காக என்றார். பண்டிகைக்குப் பிறகு அவர் என்னிடம் அதிகம் பேசுவதில்லை. அதனால் மேற்கொண்டு கேட்கவில்லை.

என்னிடம் கம்ப்யூட்டரில் அடிக்கும் மாரிசெல்வி, மார்கழியில் உங்கள் ஊர்க் கோயிலில் பாடுகிற பாட்டுகளும் ஒவ்வொன்றும் ஒரே மாதிரிதான் முடியும் என்றாள். பாட்டு தெரியாதவர்கள்கூட அந்த இடத்தில் வந்து சேர்ந்துகொள்ளலாமாம். அவள் அப்படித்தான் பாடுகிறாளாம். அதுவரை வாயை மட்டும் அசைப்பாளாம்.

முத்திரைத்தாள் விற்கிற அசன் முகம்மது எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்:

“எங்க குர்ஆன்லயும் உண்டு அண்ணாச்சி. ஆண்டவன் குடுத்ததை ஒவ்வொண்ணாக் காட்டி, இதை இல்லேம்பியா, இதை இல்லேம்பியான்னு கேட்டுக்கிட்டே வரும். மொத்தமா ஒருவாட்டி கேட்டா, நாம மொத்தமா ஒரு தலையை ஆட்டிட்டு டீ குடிக்கப் போயிருவோம்லா.”

சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

ஆக மூன்று காரணங்கள் கிடைத்திருக்கின்றன. எது உனக்குப் பொருத்தமோ எடுத்துக்கொள். மீன்குழம்பு விஷயமாக: நான் அன்று சொன்னதை இன்றுவரை ரத்து செய்யவில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

வரும் நாளைத் தெரியப்படுத்தவும்.

இப்படிக்கு,
பா. பால்சாமி


ஸ்ரீவில்லிபுத்தூர்
3-10-2024

பியூலா அப்பாவுக்கு,

அசன் அண்ணன் சொன்னது நன்றாக இருக்கிறது. அவர் வீட்டு மாஜிதா கொடுத்து வைத்தவள். மாரிசெல்வி சொன்னதும் நன்றாக இருக்கிறது. ஆனால் நான் கல்யாணம் செய்துகொண்டது அவர்கள் யாரையும் இல்லையே. மூன்று பேர் சொன்னதை நகல் எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். நீங்கள் கண்டுபிடித்தது எங்கே?

இங்கே தம்பி பொண்டாட்டி தினமும் காலையில் காப்பியைக் கையில் கொடுத்து, “மதினி, இன்னைக்கும் இருக்கீயள்ல?” என்று கேட்கிறாள். ஒரே கேள்விதான். முதல் நாள் கேட்டது பாசம். இப்போது கேட்பது வேறு. திரும்பச் சொன்னால் அர்த்தம் மாறாது என்று சொன்னீர்களே, நீங்கள் வந்து அந்தக் காப்பியைக் குடித்துப் பார்க்க வேண்டும்.

பியூலா 13ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காரில் வருகிறாள். என்னைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தன்னுடனே வைத்துக்கொள்கிறாளாம். பேரனைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை என்றும் சொன்னாள். நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை. அவள் வருவதற்குள் உங்களிடமிருந்து ஒழுங்கான பதில் வரவில்லை என்றால் சொல்லிவிடுவேன். போனால் பொங்கலுக்குத் திரும்புவேன் என்றெல்லாம் நினைக்க வேண்டாம். துணிகளை எல்லாம் எடுத்துக்கொண்டுதான் போவேன்.

மாத்திரை சாப்பிடுகிறீர்களா?

பரிபூரணம்


ராஜபாளையம்
7-10-2024

அன்புள்ள பரிபூரணத்துக்கு,

மாத்திரை சாப்பிடுகிறேன். இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

தளவாய்புரம் பெத்தம்மாள் என்று ஒருவர், தன் வீட்டை மகள் பேருக்கு எழுதி வைக்க வந்தார். முதியோர் கல்வியில் கையெழுத்துப் போடப் படித்தவர். ஒவ்வொரு எழுத்தையும் கோலம் போடுவது போலப் போடுகிறார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள். பாதியில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கேட்டார்:

“எய்யா, மொதத் தாளுலதான் போட்டுட்டேன்லா. பொறவு எதுக்குத் தாளுக்குத் தாளு போடச் சொல்லுதிய?”

எல்லோருக்கும் சொல்கிற பதிலையே சொன்னேன். “ஆச்சி, கையெழுத்து இல்லாத தாளை எவனும் உருவிட்டு வேற தாளைச் சொருகிருவான். எந்தத் தாளைத் தனியா எடுத்துப் பார்த்தாலும் நீங்க சம்மதிச்சதுன்னு அந்தத் தாளே சொல்லணும்.”

அவர் சரி என்று மறுபடி பேனாவை எடுத்தார். எனக்குத்தான் அதற்குமேல் வேலை ஓடவில்லை. மாரிசெல்வி மோர் வாங்கி வந்து கொடுத்தாள்.

சூரியனுக்கு ஒரு தாள். கடலுக்கு ஒரு தாள். வனாந்தரத்தில் பசியோடு நடந்ததற்கு ஒரு தாள். ஒவ்வொன்றின் அடியிலும் அதே கையெழுத்து வேண்டும். சூரியன் உதித்த நாளில் போட்டது பசித்த நாளுக்கு எப்படிச் செல்லும்? பசித்தவன் அந்த நாளின் தாளை மட்டும் உருவி எடுத்துப் பார்ப்பான். அதிலும் இருக்க வேண்டும். 'மேற்படி' என்பதை எந்த அலுவலகத்திலும் கையெழுத்தாக ஏற்க மாட்டார்கள். இதை நான் யாரிடமும் கேட்டு எழுதவில்லை.

என்னுடைய தாள்களில் நான் கையெழுத்துப் போடாமல் விட்டிருக்கிறேன். இப்போது போடுகிறேன்.

கல்யாணமான வருஷம் மீன்குழம்பு நன்றாக இருந்தது. நீ இருந்தது நல்லதாகப் போயிற்று.

பத்திரம் எழுத உரிமம் கிடைக்கும்வரை மில் வாசலில் டீக்கடை வைத்தோம். வடையைக் கருக்கியது நான், திட்டு வாங்கியது நீ. நீ இருந்தது நல்லதாகப் போயிற்று.

பியூலாவுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது ஆஸ்பத்திரித் தாளில் அவள் பேரை எழுத எனக்குக் கை வரவில்லை. நீ வாங்கி எழுதினாய். நீ இருந்தது நல்லதாகப் போயிற்று.

கொரோனாவில் அலுவலகத்தைப் பூட்டிவிட்டார்கள். வேலை இல்லாமல் நம் வீட்டுக்கே நான்கு எல்லையும் எழுதி உனக்கு வாசித்துக் காட்டினேன். நீ பூண்டு உரித்துக்கொண்டே கேட்டாய். நீ இருந்தது நல்லதாகப் போயிற்று.

போன மாதம் மிளகாய்த்தூளில் சாம்பார் வைத்தேன். நீ இல்லை. அதனால் இந்த இடத்தில் அந்த வரியைப் போட முடியவில்லை.

வருகிறாயா? ஒரு தடவை கேட்டால் போதும் என்று இருந்துவிட மாட்டேன். வருகிறாயா?

பால்சாமி


ஸ்ரீவில்லிபுத்தூர்
9-10-2024

அன்புள்ள பியூலா அப்பாவுக்கு,

கடிதத்தைத் தம்பி பொண்டாட்டிக்கு வாசித்துக் காட்டினேன். “என்ன மதினி, ஒரே வரியே வருது?” என்றாள். “வரும். நீ சும்மா கேளு” என்றேன். முடிந்ததும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். தம்பியைக் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டு கேட்டாள். அவன் பாவம், தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பியூலாவிடம் பேசிவிட்டேன். பேரனைப் பார்த்துக்கொள்ள அவள் மாமியார் வருகிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை அவள் கார் நேராக ராஜபாளையத்துக்கு வரும். மூன்று பேருக்குச் சோறு வையுங்கள். குழம்பு நான் வந்து வைக்கிறேன்.

ஒன்றை நீங்கள் எழுதவில்லை. அது உங்களுக்கு ஒரு விஷயமாகவே தோன்றியிருக்காது.

எங்கள் அம்மாவுக்கு ஞாபகம் போய், கடைசிக் காலத்தில் நம் வீட்டில் கிடந்தாள். நீங்கள் கட்டிலைக் கடந்து போகும்போதெல்லாம், “மாப்பிள்ளை, சாப்ட்டீயளா?” என்று கேட்பாள். கேட்டது மறந்துபோய் உடனே மறுபடி கேட்பாள். நீங்கள் ஒவ்வொரு தடவையும் நின்று, “சாப்ட்டேன் அத்தை. நீங்க சாப்ட்டீயளா?” என்று முழுசாகச் சொன்னீர்கள். அதான் சொல்லியாச்சே என்று அவளிடம் ஒரு நாளும் சொல்லவில்லை. நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

நீங்கள் இருந்தது நல்லதாகப் போயிற்று.

உங்கள்
பரிபூரணம்