ஆழியும் ஆளி விதையும்

குன்னம்,
14.10.2025

அன்புள்ள வெற்றிச்செல்வி அக்காவுக்கு,

எதிர்வீட்டு முத்தமிழ் எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் நலம். உங்கள் அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்து, நேற்றுதான் மருந்தடித்தார்கள். சென்னையில் மழை எப்படி?

போனில் சொல்லத் துணிவில்லாததால் கடிதம். பாதியில் கிழித்துவிடாமல் படியுங்கள்.

அந்த விண்வெளிப் போர்க்கதை ஒலிநூலை நானும் கேட்டேன். பதினெட்டு மணி நேரம். அரியலூர் பள்ளிக்குப் போகவர பஸ்ஸிலேயே முடித்தேன். வாசிப்பவர் பெயர் 'அருவி' என்று போட்டிருந்தது. மூன்றாவது அத்தியாயத்தில், உங்கள் குரல் மாதிரி இருக்கிறதே என்று ஒரு நிமிடம் தோன்றியது. நம் அக்காவாவது, படைத்தளபதி மாதிரி கர்ஜிப்பதாவது என்று விட்டுவிட்டேன். உங்களிடம் கேட்டிருக்கலாம்.

முடித்ததும் நேயர் கருத்தில் வேறொரு பெயரில் எழுதினேன். ஒரு நட்சத்திரம். "விண்கலத்தின் பெயர் ஆழி. இவர் கடைசிவரை ஆளி, ஆளி என்கிறார். பறப்பது கலமா, மளிகைக் கடை ஆளி விதையா?" நானூற்றுப் பன்னிரண்டு பேர் விருப்பம் போட்டார்கள். கீழே பலர் விதை, விதை என்று கேலி செய்தார்கள். வகுப்பில் சுகன்யாவிடம் காட்டிக் காட்டிச் சிரித்தேன். இரண்டாம் பாகத்தை வேறொருவர் வாசித்தபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

போன வாரம் உங்கள் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னார்கள்: "அவ புக்கு படிக்கிற வேலை போச்சு. எவளோ ஒருத்தி, இவளுக்கு நாக்கு பெரளலன்னு எளுதிட்டாளாம். மூணாவது பாகத்துக்கு இருபத்தஞ்சாந்தேதி கொரல் பாக்கக் கூப்புட்டும் போவமாட்டேங்குறா."

அந்த எவளோ நான்தான் அக்கா.

நம் தெருவில் யார் பழம் என்கிறார்கள்? எல்லாருக்கும் பளம்தான். எழுதும்போது அது நினைவில்லை. பேச்சுப் போட்டியில் நான் பரிசு வாங்கியது மட்டும் நினைவிருந்தது. கருத்தை அழித்துவிட்டேன். மற்றவர்கள் எழுதியதை என்னால் அழிக்க முடியவில்லை.

அதில் எழுதாமல் விட்டதையும் சொல்கிறேன். தளபதி தன் தங்கை இருக்கும் கலத்தையே சுடச்சொல்லும் இடத்தில், நீங்கள் ஒரு மூச்சு நிறுத்தினீர்கள். அன்று நான் குன்னத்தில் இறங்காமல் பெரம்பலூர் வரை போய்விட்டேன். "காதுல குச்சிய சொருவிக்கிட்டா குன்னமும் தெரியாது, கோயமுத்தூரும் தெரியாது" என்று கண்டக்டர் பஸ் முழுக்கக் கேட்கும்படி திட்டினார். புதியவருக்கு ழகரம் சுத்தமாக வருகிறது. பத்து நிமிடத்தில் தூங்கிவிட்டேன். இதையெல்லாம் அங்கே என் சொந்தப் பெயரில் எழுதியிருக்கிறேன். இதுவரை ஏழு பேர்தான் பார்த்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் அம்மாவின் போனில் பேசியபோது என்னைப் "பாப்பா" என்றீர்கள். எனக்கு நினைவு தெரிந்த நாளாக நீங்கள் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. முதலில் "மு" என்று தொடங்கினீர்கள், நிறுத்திக்கொண்டீர்கள். எனக்குக் கேட்டது.

இருபத்தைந்தாம் தேதி போய் வாருங்கள் அக்கா. என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை. தீபாவளிக்கு ஊருக்கு வந்தால், திட்டுவதற்காகவாவது என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். முன்பு எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படியே.

இப்படிக்கு,
உங்கள்
முத்தமிளு