சலித்த மண்

மார்ச் 4

அக்கா மகனுக்கு ரத்தத்தில் காரீயம் பதினாறு. ஐந்தைத் தாண்டினாலே கவலைப்பட வேண்டும். இரண்டு வயது, கைக்குக் கிடைத்த மண்ணையெல்லாம் தின்கிறான். தாய்மாமன் மண்ணிலுள்ள நஞ்சை ஆராய்ந்து சம்பளம் வாங்குகிறான். வெட்கக்கேடு.

மார்ச் 9

அக்கா தெருவில் பன்னிரண்டு வீட்டுக்கும் பை கொடுத்தேன். வாசல் மண் ஒரு பிடி, மேலே வீட்டு எண். "நீயே போய்த் தோண்டு" என்றார் துறைத்தலைவி. பன்னிரண்டு வீட்டிலும் உட்கார்ந்து நலம் விசாரிக்க எனக்கு நேரமில்லை. பைகளைத் திரட்டும் வேலையை அக்காவின் மாமியார் ஏற்றுக்கொண்டார். தெருவே அவர் பேச்சைத் தட்டாது. நல்லதாகப் போயிற்று.

மார்ச் 17

முதல் பை: கிலோவுக்குப் பதினெட்டு மில்லிகிராம் காரீயம். இரண்டாவது: பதினெட்டு. பன்னிரண்டிலும் பதினெட்டு! இயற்கையில் இப்படி நடக்காது. மெஷின் பழுது.

மார்ச் 18

மெஷின் பழுதில்லை. ஆய்வகத்தில் அதை ஓட்டும் அண்ணனிடம் கத்தியதுதான் மிச்சம்.

"மெஷினத் திட்டின சரி. மண்ணைப் பாத்தியா?" என்றார்.

பார்த்தேன். மாவு மாதிரி சலித்த மண். எல்லாப் பையிலும் ஒரே மாதிரி வெள்ளைத் துணுக்கு. பூந்தொட்டிக்குக் கடையில் விற்கிற மண்.

அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். எழுதிக் கொடு என்கிறார்.

மார்ச் 20

அக்காவின் மாமியாரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். கேட்டதும் மறைக்கவே இல்லை.

"ஆமா, எல்லாருக்கும் என் மூட்டைலேர்ந்துதான் குடுத்தேன். ஆராய்ச்சிக்குன்னு கேக்கறப்போ கண்ட மண்ணையுமா குடுக்கறது? கல்லு பொறுக்கி, சலிச்சு, ரெண்டு நாள் வெயில்ல காயவெச்சேன். இடுப்பு போச்சு."

"அழுக்கு எங்க இருக்குன்னுதான் அத்தை தேடறேன்."

"அதை எங்க வாசல்லதான் தேடணுமா? தினம் ரெண்டு வேளை கூட்டறேன். தெரு பேரு வெளிய வந்தா யாரு மூஞ்சில முழிக்கறது?"

"உங்க பேரன் ரத்தத்துல அந்த அழுக்கு ஏற்கெனவே வந்தாச்சு."

அத்தை எழுந்து உள்ளே போய்விட்டார். அக்கா கேட் வரை வந்தாள். "உன் வாய்க்கு பிரேக்கே கிடையாதாடா?"

மார்ச் 21

உண்மையைத்தானே சொன்னேன்? பிறகு ஏன் சோறு இறங்கவில்லை?

மார்ச் 28

அக்கா போன் செய்தாள். "அத்தை பல் டாக்டர்கிட்ட போயிருக்காங்க. ரெண்டு மணி நேரம் இருக்கு. ஓடி வா."

ஓடினேன். எங்கே தோண்டுவது? பொடியனைக் கீழே விட்டு, பின்னாலேயே தவழ்ந்தேன். பூச்செடிகளை அவன் மதிக்கவே இல்லை. வாடிக்கைக் கடைக்குப் போகிற மாதிரி நேராக இரும்புக் கேட்டின் அடிக்குப் போனான். எதையோ பொறுக்கி வாயில் போட்டான். விரலை விட்டு எடுத்தேன், கடித்துவிட்டான். பெயிண்ட் துணுக்கு. மேலே பச்சை, அடியில் நீலம், அதற்கும் அடியில் சிவப்பு.

அந்த இடத்திலேயே மண் எடுத்தேன். நிமிர்ந்தால் அத்தை. பல் டாக்டர் லீவாம்.

நான் முட்டிபோட்டபடி. கையில் அவர் வீட்டு மண். முதுகில் அவர் பேரன்.

"உள்ள வர்றதுன்னா முட்டியத் தட்டிட்டு வா" என்றார். ஒரு வாரத்துக்குப் பிறகு பேசிய முதல் வார்த்தை.

ஏப்ரல் 3

கேட்டடி மண்: 2,140.

வருடா வருடம் பழைய பெயிண்டைச் சுரண்டிவிட்டுப் புதிது அடிப்பவர் அத்தை. தெருவிலேயே பளபளப்பான கேட். முப்பது வருடச் சுரண்டல் அங்கேதான் கொட்டியிருக்கிறது. பழைய பெயிண்டில் காரீயம்.

மூன்று பக்கம் அறிக்கை எழுதினேன். இதையா அவரிடம் படித்துக் காட்டுவது? கிழித்தேன்.

ஏப்ரல் 5

"கேட்டு பெயிண்ட், அத்தை." அவ்வளவுதான் வாயில் வந்தது.

கேட்டுக் கம்பியைத் தடவிப் பார்த்தார். "அப்போ நான்தான் அவனுக்கு ஊட்டிருக்கேன்."

ஒரு புள்ளிவிவரமும் ஞாபகத்துக்கு வரவில்லை. "பெயிண்ட் டப்பாவுல விஷம்னு யாரும் எழுதி வைக்கல அத்தை" என்றேன்.

மூக்கை உறிஞ்சிவிட்டுக் கேட்டார்: "எதிர்வீட்டு கேட்டும் பழசுதானே?"

ஏப்ரல் 19

கேட்டடி மண்ணை ஒரு முழம் ஆழத்துக்கு அள்ளி, மூட்டை கட்டி, நஞ்சுக் கழிவு வண்டியில் ஏற்றினேன். மேற்பார்வை அத்தை. "தம்பி, மூலைல விட்டுட்ட. படிச்ச பிள்ளை அள்ளற லட்சணமா இது?"

இப்போது என் இடுப்பு போயிற்று.

ஜூலை 8

பொடியன் ரத்தத்தில் இப்போது ஒன்பது. இன்னும் இறங்க வேண்டும். இறங்குகிறது.

வேலைக்கு வந்தால் மேசையில் பதினொரு பை. அத்தை மற்ற வீடுகளுக்கெல்லாம் போய், பக்கத்தில் நின்று, கேட்டடியில் தோண்ட வைத்தாராம். மெஷின் அண்ணன் ஒரு பையைத் திறந்து கல், வேர், செத்த எறும்பு என்று எண்ணிக்கொண்டிருக்கிறார். எல்லாப் பையிலும் வீட்டு எண். அதன் கீழே அத்தையின் குண்டுக் கையெழுத்தில்: "சலிக்கவில்லை."

எதிர்வீட்டுப் பையில் மட்டும் இன்னும் ஒரு வரி: "முதலில் சலித்துத்தான் கொடுத்தார்கள். நான் விடவில்லை."