கேட்காமல் விட்ட வாய்ஸ் மெசேஜ்

ஜூலை 2, வியாழன்

காலை முதல் சாரல். துவைத்த வேட்டி மூன்று நாளாகக் காயவில்லை. மகள் கோமதி சனிக்கிழமை வருகிறாள். ஜார்ஜியாவில் டாக்டர் படிப்பு, நான்காம் வருடம் முடிந்தது, இன்னும் இரண்டு. செய்ய வேண்டியவை: மாடி ஃபேன் ரிப்பேர், நாட்டுப்பழம், திருவனந்தபுரம் ஏர்போர்ட் போக வண்டி.

பள்ளியிலிருந்து திரும்பியதும் சாகுல் பாய் வந்தார். துணிக்கடை வைத்திருப்பவர். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாளாம், அவளையும் வெளிநாட்டில் டாக்டருக்குப் படிக்க வைக்க ஆசை. வெளிநாட்டில் டாக்டருக்குப் படிப்பவர்களுக்கு டெல்லி போட்ட விதிமுறையை அச்செடுத்து வந்திருந்தார். இந்தத் தெருவில் இங்கிலீஷில் எது வந்தாலும் என்னிடம்தான் வரும். இருபத்தாறு வருட இங்கிலீஷ் வாத்தியார். அதற்கு மட்டும் மதிப்பு. தலைமையாசிரியர் நாற்காலிக்கு வேறு ஆள்.

வரி வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். இத்தனை மாதம் படிக்க வேண்டும். இங்கிலீஷ் வழி. அடுத்த வரி: படிப்பும் பயிற்சியும் முழுக்க ஒரே கல்லூரியில்.

"அப்பம் நடுவுல காலேஜ் மாத்தக் கூடாதா சார்வாள்?"

"கூடாது."

"மாத்துனா?"

"இங்க வந்து பரீட்சை எழுத விட மாட்டான். டாக்டராப் பதிய முடியாது."

பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நம்ம கோமதி மொத வருஷம் முடிச்சு மாத்துச்சுல்லா?"

"அது வேற."

என்ன வேறு என்று அவர் கேட்கவில்லை. காபியைக் குடித்துவிட்டுப் போனார். தாளை மறந்துவிட்டார். அல்லது வேண்டுமென்றே விட்டுப் போனாரா?

ஜூலை 3, வெள்ளி

சாரல். அந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று தெரியவில்லை. வேறு அர்த்தம் வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. நல்ல, தெளிவான இங்கிலீஷ். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் சந்தேகம் கேட்டான், "வாயை மூடுலே" என்று கத்திவிட்டேன்.

இது ஒருவருக்கும் தெரியாது. மனைவி பகவதியிடம்கூடச் சொல்லவில்லை. அவள் முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டு பாடுகிறாள்.

எழுதியாவது வைக்கிறேன். முதல் கல்லூரியைப் பிடித்துக் கொடுத்தது அண்ணன். அவர் மகன் கார்த்தி அங்கேதான் படித்தான். கோமதி சேர்ந்த வருடத் தீபாவளிக்கு மதினி, வந்தவர்கள் முன்னால்: "கோமதிய நாங்கதான் சேத்துவிட்டோம். இல்லன்னா அந்தப் பிள்ள எங்க போயிருக்கும்?" நான் அடுத்த அறையில் இருந்தேன். அந்த ஒரு வாக்கியத்துக்காக அதே ஊரில் வேறு கல்லூரி தேடினேன். முதல் வருட மார்க்கை ஒத்துக்கொண்டு நேரே இரண்டாம் வருடத்தில் எடுத்தார்கள். ஒரு வருடம்கூட வீணாகாமல் மாற்றிவிட்டேன் என்று ஊரெல்லாம் சொன்னேன். என் கெட்டிக்காரத்தனம்.

அண்ணன் டாக்டர். நானும் டாக்டருக்குத்தான் படிக்க நினைத்தேன். "வீட்டுக்கு ஒரு டாக்டர் போதும்லே" என்றார் அப்பா. அண்ணன் பக்கத்தில்தான் நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை.

இன்னொன்று. கல்லூரி மாற்றப்போகிறேன் என்று தெரிந்த வாரம் அண்ணன் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். இரண்டு நிமிடம் பதினோரு நொடி. திட்டத்தான் அனுப்பியிருப்பார் என்று நான் கேட்கவே இல்லை. இன்று தேடிப் பார்த்தேன். இருக்கிறது. மைக் குறி இன்னும் பச்சை. நான் கேட்டால் அவர் போனில் நீலமாகிவிடும். மூன்று வருடமாக அவர் அந்த நீலத்துக்காகப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாரோ?

விரலை வைத்தேன். எடுத்துவிட்டேன். திட்டு இருந்தால் பரவாயில்லை. இந்த விதியே அதில் இருந்தால்?

ஜூலை 4, சனி

வண்டி அதிகாலை கிளம்பியது. ஆரியங்காவு தாண்டும்வரை பனிமூட்டம். கோமதி மெலிந்திருக்கிறாள். முடியைக் கத்தரித்திருக்கிறாள். வழியெல்லாம் பேச்சு: பிரசவம் பார்த்தது, தையல் போட்டது, ஜார்ஜியக் கிழவி ஒருத்தி இவளுக்கு ரொட்டி சுட்டுக் கொண்டுவந்தது. எல்லாவற்றுக்கும் "ம்" போட்டேன்.

"என்னப்பா, உடம்பு சரியில்லியா? கையக் காட்டுங்க." நாடி பார்த்தாள். "தொண்ணூத்தெட்டு. சும்மா உக்காந்திருக்கவங்களுக்கு இது சாஸ்தி."

"வண்டில வந்தது."

வீட்டுக்குள் நுழைவதற்குள் எதிர்வீட்டு இசக்கி அண்ணாச்சி ரத்தப் பரிசோதனைத் தாளோடு வந்து நிற்கிறார். "டாக்டரம்மா, இந்தக் கொழுப்பக் கொஞ்சம் பாரு தாயி."

"மொதல்ல நீங்க புரோட்டாவக் கொறைங்க அண்ணாச்சி."

"அதச் சொல்லதுக்கு எதுக்கு டாக்டரு, எம் பொண்டாட்டியே சொல்லுதாளே!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

ஜூலை 5, ஞாயிறு

ஐந்தருவி. நல்ல தண்ணீர், நல்ல கூட்டம். ஆண்கள் வரிசையில் நான், பெண்கள் பக்கம் பகவதியும் கோமதியும். இரண்டு நிமிடம் நின்றிருப்பேன். அந்தப் பக்கம் சத்தம்.

துண்டோடு ஓடினேன். ஒரு பெண், ஐம்பது வயதிருக்கும், தரையில். ஒருத்தி கத்துகிறாள்: "மூஞ்சில தண்ணி அடிங்க!" இன்னொருத்தி: "இம்புட்டு நேரம் அருவில நின்னாளே, அந்தத் தண்ணி காணாதா?" நடுவில் கோமதி, ஈரத் துணியோடு மண்டியிட்டு. விழுந்தவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். கழுத்தில் விரல் வைத்தாள். யாரோ ஜூஸ் நீட்டினார்கள், தட்டிவிட்டாள். "முழிக்கட்டும். இப்பக் குடுத்தா பொரையேறும்." கூட வந்தவளிடம், "சீனி வியாதி உண்டா? காலைல மாத்திரை போட்டாங்களா? சாப்பிட்டாங்களா?" மாத்திரை போட்டாளாம், குளிக்கிற அவசரத்தில் சாப்பிடவில்லையாம். சற்றுப் பொறுத்து அந்தப் பெண் கண் திறந்தாள். அப்புறம்தான் சீனித் தண்ணீர், வாய் வாயாக.

"டாக்டராம்மா நீ?" என்றாள் கூட வந்தவள்.

பகவதி முந்திக்கொண்டாள். "ஆமா, எம் மக டாக்டரு."

"இன்னும் ஆகலம்மா" என்றாள் கோமதி. "ரெண்டு வருஷம் கெடக்கு."

கையெல்லாம் டாக்டர். காகிதத்தில் ஆகவே மாட்டாள். அதற்கு வேண்டியதை நான் செய்துவிட்டேன்.

ஆட்டோவில்: "முடிச்சிட்டு இங்கனயே வந்திருதேம்பா. தென்காசி பெரியாஸ்பத்திரில டிரெய்னிங் போட்டுரலாம்." ஆட்டோ டிரைவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். எனக்கு வாந்தி வந்தது. இறங்கிச் சாலையோரம் எடுத்தேன். மகள் முதுகைத் தடவினாள்.

ஜூலை 6, திங்கள்

மழை. லீவு போட்டேன். பகவதி ரேஷன் கடைக்குப் போனதும் மாடிக்குப் போய்க் கோமதியிடம் தாளைக் கொடுத்தேன். அந்த வரியில் கோடு போட்டிருந்தேன். ஒருமுறைதான் படித்தாள்.

"சரியாத்தான் படிச்சீங்களா?" என்று கேட்டாள். என்னிடம். பிறகு அவளே, "சரிதான்."

கத்துவாள் என்று நினைத்தேன். கட்டிலில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினாள். "மறுபடி மொதல்ல இருந்துன்னா, முடிக்கையில இருவத்தெட்டு." பிறகு, "அன்னைக்கு யாரும் இதச் சொல்லலியாப்பா? விவரம் தெரிஞ்சவங்க ஒருத்தரும்?"

பொய் சொல்லியிருக்கலாம். போனை எடுத்து நீட்டினேன். பச்சை மைக்கைப் பார்த்தாள், தேதியைப் பார்த்தாள். அவள்தான் அழுத்தினாள்.

"தம்பி, கோவத்துல போன வைக்காத, கேளு. காலேஜ் மாத்துனா மாத்து, அது உன் இஷ்டம். ஆனா அங்க மொத வருஷத்துல இருந்தே சேரு. ரெண்டு எடத்துல படிச்சா இங்கன ஒத்துக்கிட மாட்டான். ஒரு வருஷம் போனாப் போவுது. உங்க மதினி பேசுனது தப்புதான், நான் அவளக் கண்டிச்சிட்டேன். பிள்ளைட்ட ஒரு வார்த்த கேட்டுக்கோ..." அதற்குமேல் எனக்குக் கேட்கவில்லை. முழுவதும் ஓடியது.

"மூணு வருஷமா இது இங்கனயே கெடந்துச்சா?"

மைக் குறி நீலமாகியிருந்தது.

"எங்கிட்டக் குடுத்திருந்தா நான் கேட்டிருப்பேம்பா."

அவ்வளவுதான். இன்று சாப்பிட வரவில்லை. "சண்டையா?" என்கிறாள் பகவதி. அவளிடமும் சொல்ல வேண்டும். நாளை.

ஜூலை 7, செவ்வாய்

அண்ணன் கிளினிக் வராந்தா. கோமதிதான் கூட்டி வந்தாள். கார்த்தியோடு படித்த இரண்டு பேர் இப்படி மாறினார்களாம். அவர்கள் கதி என்ன ஆயிற்று என்று பெரியப்பாவுக்குத்தான் தெரியுமாம். "வீட்டுக்கே போவோம்" என்றேன். "வீட்டுக்குன்னா நீங்க வாசலோட திரும்பிருவீங்க."

கம்பவுண்டர் புது ஆள். என்னைத் தெரியவில்லை.

"என்ன செய்யுது அண்ணாச்சி?"

"ஒண்ணும் செய்யல. டாக்டர்ட்டப் பேசணும்."

"பேசுததுக்கும் டோக்கன் போடணும்."

பத்தொன்பது. பதினாலு உள்ளே போனபோது இதை எழுத ஆரம்பித்தேன். கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளிருந்து அவர் இருமல். அப்பாவின் இருமல் மாதிரியே. இந்தப் படியேறி மூன்று வருடம். என்ன சொல்லி ஆரம்பிப்பது? நேற்றுத்தான் கேட்டேன் என்றா? அது அவருக்கே தெரிந்திருக்கும். அவரும் வழி இல்லை என்று சொல்லிவிட்டால்? அதன்பின் போய்க் கேட்க இடமே இல்லை.

பதினேழு. பதினெட்டு, கைக்குழந்தை, ஊசி, அழுகை.

கோமதி ஃபைலை மடியில் வைத்திருக்கிறாள். என்னைப் பார்க்கவில்லை.

பத்தொன்பது கூப்பிட்டாயிற்று. கோமதி எழுந்துவிட்டாள். நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.