டெல்லியிலிருந்து வாய்க்காலுக்கு வந்தவள்

இன்று காலை தேர்தல் சின்னம் வரைய எதிர்வீட்டுச் சுவருக்கு வெள்ளையடித்தார்கள். ஈரச் சுண்ணாம்பு வாசனை வந்ததும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நீ கண்ணை மூடி மூன்று வருஷமாகிறது. ஆனாலும், "கிளம்புடி, ஓட்டு கேக்கணும்!" என்று நீ வந்து கதவைத் தட்டுவாய் போலவே இருந்தது.

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரே வயலில் நாற்று நட்டவர்கள் நாம். மிராசுதாரின் ஆளை எதிர்த்து நீ பஞ்சாயத்துத் தலைவராக ஜெயித்தாய். அடுத்த அறுவடைக்கே, நம் குத்தகைக்காரர்கள் விளைவித்த வயலில் மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கினார். நீ உன் அரிவாளை என் கையில் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வரப்பில் போய் நின்றாய்.

"தாசில்தார் வந்து குத்தகைப் பதிவைப் பாக்கட்டுங்க. அதுவரைக்கும் ஒரு கதிர் அறுபடாது."

"ஒரு பொம்பள தடுத்தா நின்னுடுமா?" என்றார் மிராசுதார்.

இரண்டு அரிவாளையும் கீழே போட்டுவிட்டு நான் உன் பக்கத்தில் வந்து நின்றேன். பிறகு நம் தெருவே வந்தது. மத்தியானம் வந்த தாசில்தார் பதிவேட்டைப் புரட்டினார். எல்லார் பெயரும் இருந்தது! அன்று சாயங்காலம் நம் ஆட்களே கதிர் அறுத்தார்கள்.

அந்தப் பேச்சு ஜில்லா முழுக்கப் பரவி, கட்சி உன்னை நாடாளுமன்றத்துக்கு நிறுத்தியது. நீ ஜெயித்ததாக அறிவித்தபோது நான் ஓடிய ஓட்டத்தில் செருப்பு எங்கே போனதென்றே தெரியாது. காவிரித் தண்ணீருக்காக டெல்லியில் நீ தமிழில் பேசியதாக ரேடியோவில் ஒரே ஒரு வரி சொன்னார்கள். டீக்கடையே எழுந்து கைதட்டியது.

அடுத்த முறை தோற்றாய். ஊருக்கு வந்து மறுபடியும் பஞ்சாயத்துக்கு மனு போட்டாய்.

"டெல்லிக்குப் போனவ வாய்க்கால் வேலைக்கு வர்றியே, வெக்கமா இல்லியாடி?" என்றேன்.

நீ சிரித்தாய். "தண்ணி வேணும்னு அங்க கேட்டாச்சு. வந்த தண்ணி வயலுக்குப் போக வேணாமா? ஜெயிச்சுட்டுத் தெருப்பக்கம் வராம இருந்தாதான்டி வெக்கம்."

ஜெயித்து, தூர்ந்து கிடந்த வாய்க்காலை வெட்டினாய். கடைமடை வயலில் தண்ணீர் ஏறிய அன்று கட்டிய புடவையோடு அதில் குதித்தாய். என்னையும் இழுத்துப் போட்டாய்.

உன்னிடம் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்: இந்த முறை வார்டுக்கு நான் நிற்கிறேன். கொல்லை வழியாக மட்டுமே நான் போய்வந்த பெரிய தெரு வீடுகளில் இன்று முன்வாசலில் நின்று, என் பெயரை உரக்கச் சொல்லி ஓட்டு கேட்டேன்.