சொட்டைவாளையின் காதுக்கல்

நேற்று நம் ஊர்க் கண்மாயை மீன்பிடிக்க அழித்தார்கள். இன்று மதியம் வரை தெரு முழுக்க மீன்குழம்பு வாசம்தான். புளி கொதித்து அடங்கும் அந்த வாசம் ஜன்னல் வழியாக வந்தபோது எனக்குப் பசிக்கவில்லை. உன்மேல் கோபம்தான் வந்தது. செத்துப்போனவளிடம் கோபித்துக்கொண்டு என்னடி ஆகப்போகிறது என்பாய். ஒன்றும் ஆகாது. இருந்தாலும் வருகிறது.

காரைக்குடிக் கல்லூரியில் ஒரே மேசையின் இரண்டு பக்கம் உட்கார்ந்து விலங்கியல் நடத்தியவர்கள் நாம். எனக்குக் கண்மாயில் உயிரோடு நீந்துகிற மீன்கள் போதும். உனக்கு அது போதவில்லை. லீவு விட்டால் அரியலூர் பஸ் ஏறிவிடுவாய். டைனோசர் காலத்துக் கடல் மண்ணைச் சல்லடையில் சலித்து, அந்தக் காலத்து மீன்களின் காதுக்கற்களைப் பொறுக்கி வருவாய். சதை அழுகி, முள் மட்கிப் போனாலும் தலைக்குள் இருக்கும் அந்தக் கல் தங்கிவிடும். ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு வடிவம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லும்போது உன் குரலே மாறிவிடும்.

அப்படி ஒரு நாள் குறுணை அரிசி அளவில் ஒரு கல் கிடைத்தது. நம் கண்மாய்ச் சொட்டைவாளையின் மூதாதை இதுதான் என்றாய். கடல் மண்ணில் எப்படிக் கண்மாய் மீன் வரும் என்று கேட்டவர்களில் நானும் ஒருத்தி. "ஆத்து வெள்ளம் இழுத்துட்டுப் போய்த் தள்ளியிருக்கும்டி, இதுகூடத் தெரியலையா?" என்று சீறினாய். வட இந்தியாவிலிருந்து வரவழைத்த சொட்டைவாளைக் கற்களில் ஓர வளைவு உன் கல்லோடு கொஞ்சம் இடித்தது. நம் பக்கத்து மீனில் சரியாக இருக்கும் என்பது உன் பிடிவாதம். அதைப் பார்க்காமல் இந்தக் கல்லைப் பற்றிய கட்டுரையை அனுப்ப மாட்டேன் என்றுவிட்டாய்.

தண்ணீர் வற்றினால் கண்மாயை ஊருக்குப் பொதுவாகத் திறந்துவிடுவார்கள். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஆணும் பெண்ணும் மீன்மேல் கவிழ்த்து அமுக்கும் ஊத்தாக் கூடையோடு சேற்றில் பாய வேண்டியதுதான். பிடித்ததை விற்கக் கூடாது, வீட்டிலேயே குழம்பாக வேண்டும். அந்த வருஷம் உன் கூடையில் ஒரே ஒரு சொட்டைவாளை விழுந்தது. அதை அடுப்படியில் வைத்துவிட்டுச் சேற்றைக் கழுவப் போனோம். திரும்பி வருவதற்குள் உன் அம்மா ஊர் வழக்கத்தை நிறைவேற்றிவிட்டார்.

கரண்டியும் கையுமாக நாம் சட்டியைத் துழாவியபோது அவர் கேட்டது நினைவிருக்கிறதா?

"ரெண்டு பேரும் குழம்புக்குள்ள என்னத்தத் தேடுறீக? மோதிரம் கீதிரம் விழுந்துருச்சா?"

"மீனோட காதுக்கல்லும்மா."

"மீனுக்கு ஏதுடி காது! உப்பு சரியா இருக்கா, அதச் சொல்லுங்க மொதல்ல."

கல் கிடைத்தது. ஆனால் நமக்கு வேண்டிய ஓரத்தைப் புளி தின்றிருந்தது. "கோடி வருஷம் கெடந்தாலும் கரையாத சாமான எங்கம்மா அரை மணி நேரத்துல கரைச்சுட்டா" என்று கண்ணீர் வரும்வரை சிரித்தாய். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றோம்.

அடுத்த வருஷம் உன் மார்பில் கட்டி. மதுரைக்கும் காரைக்குடிக்கும் அலைந்ததில் உன் தலைமுடி போனது, குரல் போனது. வானமோ விடாமல் பெய்தது. கோடை வந்தும் கண்மாய் வற்றவில்லை. போன் செய்தால் உடம்பைப் பற்றிப் பேச மாட்டாய், தண்ணீர் எதுவரை நிற்கிறது என்றுதான் கேட்பாய். ஒருமுறை ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்: "ஊரே தண்ணி நிக்கணும்னு சாமி கும்புடுது. நான் ஒருத்தி வத்தணும்னு கும்புடுறேன். எனக்கு எப்படிடி நல்லது நடக்கும்?" நான் ஆரஞ்சை உரித்தேன்.

மார்கழியில் உன்னைக் கண்மாய்க் கரை வழியாகத்தான் தூக்கிப் போனார்கள். கண்மாய் நிரம்பி மறுகால் போய்க்கொண்டிருந்தது.

நேற்று நானும் சேற்றில் இறங்கினேன். கூடைக்குக் கூடை ஜிலேபிக் கெண்டையும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும்தான். நம் மீன்களையெல்லாம் தின்று கொழுத்த கெளுத்தி, ஒவ்வொன்றும் முழங்கை நீளம். வெயில் ஏறி, இடுப்பு விட்டுப்போன பிறகு என் ஊத்தாவுக்குள் தட்டையாக, வெள்ளியாக ஒன்று துடித்தது. பக்கத்தில் துழாவிக்கொண்டிருந்த ஊர்க்கார அக்கா ஒருத்தர் எட்டிப் பார்த்தார்.

"இந்த முள்ளு மீனுக்கா டீச்சர் இம்புட்டுச் சந்தோசப்படுறீக?"

"இது ஒண்ணுதாங்க்கா கெடச்சுது."

"அம்புட்டுத்தான் இருக்கும். நான் இதக் கண்ணால பாத்தே வருசக்கணக்காச்சு."

அதைக் கேட்டதும் மீனை விட்டுவிடலாமா என்று நினைத்தேன். எங்கே விட? அங்குட்டும் இங்குட்டும் கூடைகள் விழுந்துகொண்டிருந்தன. அடுத்த நிமிஷம் யார் சட்டிக்காவது போயிருக்கும். ஈரத்துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அடுப்படிக்குள் யாரையும் விடாமல் நானே தலையைப் பிளந்து கல்லை எடுத்தேன்.

இன்று காலையில் நீ விட்டுப்போன அரியலூர்க் கல்லையும் இதையும் மைக்ராஸ்கோப்பில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். திருப்பிப் பார்த்தேன். விளக்கை மாற்றி வைத்துப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.

பொருந்தவில்லை. வடக்குக் கல்லைவிட இது இன்னும் விலகிப் போகிறது. உன் கல் சொட்டைவாளையின் மூதாதை இல்லை.

இதை வேறு யாரிடம் சொல்வது? உன் அம்மாவிடமா? ஒரு மீன் போயிற்று, ஒருவேளை இந்தக் கண்மாயின் கடைசி மீனாகவும் இருக்கலாம். அது சொன்ன பதில் உனக்கானது, வாங்கிக்கொள்ள நீ இல்லை. இருந்திருந்தால் லேசில் விட்டிருக்க மாட்டாய். "லைட்ட ஒழுங்கா வைடி" என்று என்னைத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருப்பாய். ஒரு நாள் முழுக்கச் சோறு தின்னாமல் முகத்தைத் தூக்கி வைத்திருப்பாய். மறுநாள் காலையில் வந்து, "அப்ப இது யாரு வீட்டுப் புள்ளடி?" என்று அந்தக் கல்லை மறுபடி கையில் எடுத்திருப்பாய்.

அந்தக் கேள்வியை இப்போது நான்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். சித்திரையில் அரியலூர் போகப் போகிறேன். சல்லடை பிடிக்கக்கூட எனக்குச் சரியாகத் தெரியாது. நீ சொன்னது தப்பு. அது தப்பு என்று தெரிந்துகொள்ளவாவது நீ இருந்திருக்க வேண்டுமடி.