ஞாயிற்றுக்கிழமை பார்த்த வேகம்

வியாழக்கிழமை, இரவு.

கேட் கேமரா படங்களைச் சேமிக்கும் புதிய ஃபிளாஷ் ஸ்டோரேஜ் பெட்டிக்கு நான் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று ஆபீசில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகே போட்டேன். ஆனால் பார்த்தது ஞாயிற்றுக்கிழமை. எங்கள் திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டுக்கு அன்று லாரி வராது. பெட்டியும் காலி. காலிப் பெட்டி வேகமாகத்தான் எழுதும்.

இன்று அது ஏறக்குறைய நிரம்பிவிட்டது. கன்டெய்னர் படங்கள் எல்லா கேட்டிலிருந்தும் காலை முதல் ஓயாமல் வந்தன. பழையதை அழித்து இடம் பண்ணிக்கொண்டேதான் அது புதியதை எழுத வேண்டும். மதியத்துக்குள் திணறிவிட்டது. படம் பதிவாகாமல் கேட் பாஸ் அடிக்க முடியவில்லை. லாரிகள் எண்ணூர் சாலை வரை நின்றன.

கேட் சூப்பர்வைசர் காதர் உள்ளே வந்தார். "இன்னாம்மா இது, ஞாயித்துக்கெயம பாத்துட்டு எண்ணூர் ரோட்ல டிராஃபிக்கே இல்லன்னு சொன்ன கணக்கா கீது! டிரைவருங்க என்னைக் கிழிக்கிறானுங்கோ."

பெட்டியை விற்ற கம்பெனிக்காரரோ போனில், "டெஸ்ட் ஓகே ஆச்சே மேடம், நீங்கதானே சைன் பண்ணீங்க" என்றார். சனிக்கிழமை பழைய ஸ்டோரேஜ் மெஷினை எடுத்துப்போக ஆள் வருகிறது. அதுவும் போனால் யார்டுக்கு வேறு வழியில்லை. யார்டை நடத்திய என் கணவர் இருந்தவரை ஒரு நாள்கூட கேட் நின்றதில்லை.

நாளை அந்தக் கம்பெனிக்கு அனுப்பப்போவது இவ்வளவுதான்: முக்கால்வாசிக்கு மேல் நிரம்பிய பிறகு, நாள் முழுதும் எழுதினால், உங்கள் பெட்டி எந்த வேகத்துக்குக் கீழே இறங்காது? பழைய மெஷினை எடுக்கும் முன் எழுத்தில் பதில் தரவும்.