குகனைத் தூக்கும் வேலை

ஜூலை 1, செவ்வாய்

விடியும்போதே மழை. ஸ்கூடாய் சாலையில் வழக்கமான ஜாம். மழைக்கோட்டு போட்டும் காலுறை நனைந்துவிட்டது. இன்று வேலைக்குப் புது வீடு. வரிசை வீடு, வாசலில் சக்கர நாற்காலிக்குச் சாய்தளம். நல்ல தொடக்கம்.

நான் பார்த்துக்கொள்ள வேண்டியவர் குகன், வயது 27. தசை நலிவு நோய். கழுத்துக்குக் கீழே வலது கையின் மூன்று விரல்கள் மட்டுமே அசையும். அந்த மூன்றை வைத்துக்கொண்டு கணினியில் கோயில் திருவிழா பேனர்கள் வடிவமைக்கிறார். கெட்டிக்காரர்.

அவருடைய அம்மா கமலா அக்கா, 54. கணவர் இறந்துவிட்டார். பல வருடங்களாக மகனைத் தூக்குவது இவர் ஒருவர்தான். தூக்கித் தூக்கியே வயிற்றில் குடலிறக்கம். வரும் திங்கள் ஆப்பரேஷன். அதற்குள் நான் வேலை பழக வேண்டும். அவர் ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களில் அந்த வீட்டிலேயே தங்கல்.

கதவைத் திறந்ததும் அக்காவின் முதல் கேள்வி: "தம்பி, இதுக்கு முன்னாடி யாரையாச்சும் கீழ போட்டிருக்கீங்களா?"

"இல்லக்கா. சிங்கப்பூர் முதியோர் இல்லத்துல ஒம்பது வருஷம், இங்க ரெண்டு வருஷம். ஒருத்தரும் என் கையிலேருந்து விழுந்ததில்ல."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

எனக்குப் பிடித்துவிட்டது. ஒன்றுமே கேட்காத குடும்பத்தில்தான் எனக்குப் பயம்.

ஜூலை 2, புதன்

வெயில். அக்கா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டவை:

– முதலில் கழுத்து. எதைச் செய்தாலும் கழுத்துக்கு ஒரு கை.
– இடது குதிகாலின் கீழே சுருட்டிய துண்டு.
– கோப்பி ஆறியபின், உறிஞ்சுகுழாயில். நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால் மட்டும்.
– மூக்கு அரித்தால் சொல்ல மாட்டார். இரண்டு தடவை கண் சிமிட்டுவார்.
– சாம்பார் பிடிக்காது. பிடிக்கும் என்று பொய் சொல்வார்.

கட்டிலிலிருந்து நாற்காலிக்கு நான் தூக்குகிறேன் என்றேன். அக்கா விடவில்லை. மகனின் அக்குளில் இரண்டு கைகளையும் கொடுத்து, நெஞ்சோடு அணைத்து, ஒரே தூக்கு. உட்கார வைத்ததும் வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார். நான் குகனின் முகத்தைப் பார்த்தேன். கண்களை இறுக மூடியிருந்தார்.

மா. 5 மணி, அலுவலகத்துக்குப் போன். ஆளைத் தூக்கும் ஹோய்ஸ்ட் வேண்டும், நாளைக்கே. சூப்பர்வைசர் இழுத்தார். நான் விடவில்லை.

வீட்டில் மனைவி மேரி நெத்திலி சம்பல் செய்திருந்தாள். இரண்டு தட்டு.

ஜூலை 3, வியாழன்

ஹோய்ஸ்ட் வந்து இறங்கியது. சக்கரம் வைத்த இரும்புத் தூண், மேலே ஒரு கை, அதில் தொட்டில் மாதிரி துணி. பொத்தானை அழுத்தினால் ஆளை அப்படியே தூக்கும். எனக்கு இதைவிட நல்ல கூட்டாளி இல்லை.

அக்கா பார்த்த பார்வை! "அலமாக்! துறைமுகத்துல கண்டெய்னர் தூக்குற மாதிரி இருக்கு. எம்புள்ள என்ன சாமானா?"

"ஒரு தடவை பாருங்கக்கா."

"வேணாம் தம்பி. மூலையில வைங்க."

வைத்தேன். அதன்மேல் ஒரு பழைய கைலியைப் போர்த்திவிட்டார்.

மத்தியானம் அக்கா கடைக்குப் போனார். குகன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே பேசினார்.

"சேவியர் அண்ணே, அந்த மெஷின் வேணும்லா எனக்கு."

"அம்மாகிட்ட சொல்லுங்க."

"எப்படிச் சொல்றது? அவங்க தூக்குறப்ப தோள்பட்டை பிச்சிக்கிட்டு வர்ற மாதிரி வலிக்கும். நாலு வருஷமா. சொன்னா உடைஞ்சி போயிருவாங்க. நீங்களும் சொல்லிடாதீங்க."

"நான் சொல்ல மாட்டேன் தம்பி. நீங்க சொல்லித்தான் ஆகணும்."

குகன் பேனரில் முருகனின் வேலுக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தார்.

மோட்டார் சைக்கிள் செயின் தளர்ந்திருக்கிறது. ஞாயிறு பூசை முடிந்து பார்க்க வேண்டும்.

ஜூலை 4, வெள்ளி

மோசமான நாள். உள்ளே போனதுமே அக்கா, "திங்கட்கிழமை வரவேணாம் தம்பி. ஆப்பரேஷன தள்ளிப் போட்டுட்டேன்."

காரணம் கேட்டேன். நேற்று மாலை ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, எத்தனை நாளில் மகனைத் தூக்கலாம் என்று விசாரித்திருக்கிறார். இனி அந்த மாதிரி பாரமே தூக்கக் கூடாது என்றார்களாம்.

"மூணு நாள்னா போயிருவேன். ஒரு மாசம்னாகூட சரி. இனிமே தூக்கவே கூடாதுன்னா நான் என்னத்துக்கு இந்த வீட்டுல?"

எப்போதும் போல நிதானமாகவே பேசினேன். குடல் சிக்கிக்கொண்டால் ஆம்புலன்ஸில்தான் போக வேண்டிவரும், அன்றைக்குக் குகனுக்கு யார் இருப்பார்கள் என்று கேட்டேன். அவர் பாத்திரம் கழுவிக்கொண்டே இருந்தார். என் பேச்சு பலிக்காமல் போவது அபூர்வம். இன்று பலிக்கவில்லை.

அப்போது கூடத்திலிருந்து குகன்: "அம்மா. நீங்க தூக்குறது எனக்கு வலிக்குதும்மா."

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நான்தான் குழாயை மூடினேன்.

"எப்பலேருந்துடா?"

"ரொம்ப நாளா."

அக்கா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். குகன் அழுதார். அவரால் கண்ணீரைத் துடைத்துக்கொள்ள முடியாது. துடைத்துவிட்டேன். "சரியாத்தான் செஞ்சீங்க" என்றேன். மனதாரச் சொன்னது.

ஜூலை 5, சனி

எனக்கு லீவு. இருந்தாலும் கா. 9 மணிக்குப் போய்விட்டேன். மேரி முறைத்தாள்.

கதவைத் திறந்த அக்காவின் கண்கள் வீங்கியிருந்தன. கைலி ஹோய்ஸ்ட்மேல் இல்லை, மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"மொதல்ல என்னைத் தூக்குங்க. எப்படி இருக்குன்னு தெரியாம அவன ஏத்த மாட்டேன்."

துணி முதுகையும் தொடையையும்தான் தாங்கும், வயிற்றை அழுத்தாது. இரண்டு தடவை சரிபார்த்தேன். கொக்கி நான்கு, நான்கும் சரி. பிறகு எனக்கு ஒரு யோசனை. ரிமோட்டைக் கொண்டுபோய்க் குகனின் விரல்களுக்குக் கீழே வைத்தேன்.

"நானா அண்ணே?"

"நீங்கதான். மேல இருக்கிற பொத்தான்."

அழுத்தினார். அக்காவின் குதிகால் எழும்பியது, பிறகு பாதம். செருப்பு ஒன்று கழன்று விழுந்தது.

"டேய், மெதுவாடா!"

"மெதுவாத்தான்மா போவுது. இதுக்கு மேல மெதுவாப் போவாது."

அரை மீட்டர் உயரத்தில் அக்கா தொங்கிக்கொண்டிருந்தார். துணியைப் பிடித்திருந்த கை மெல்லத் தளர்ந்தது. மகனைப் பார்த்தார். பிறந்ததிலிருந்து அவன் தன்னைத் தூக்குவது இதுதான் முதல் தடவை என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்திருக்க வேண்டும்.

"வலிக்கலடா" என்றார் அக்கா.

இறக்கினோம். அடுத்து குகன். கழுத்தை அக்கா பிடித்துக்கொண்டார், மற்றதெல்லாம் நானும் ஹோய்ஸ்ட்டும். கண்களைத் திறந்தபடியே நாற்காலிக்குப் போய்ச் சேர்ந்தார்.

அக்கா ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். அந்தத் தேதி இன்னும் யாருக்கும் கொடுக்கப்படவில்லை. திங்கள் உறுதி.

ஜூலை 7, திங்கள்

மூட்டம். லாயாங் லாயாங் ஊரிலிருந்து அக்காவின் தங்கை வந்து கா. 6.30க்கு அழைத்துப் போனார். அக்கா வாசல்வரை போய்த் திரும்பி வந்து, மகனின் போர்வையைச் சரிசெய்து, மறுபடி போனார். மூன்று தடவை.

குளியல், சவரம், வேலை, கஞ்சி. குகன் இப்போது ஹோய்ஸ்ட் பொத்தானை மட்டும் தானே அழுத்துகிறார்.

ம. 2.10, தங்கையின் போன். ஆப்பரேஷன் முடிந்தது, நல்லபடியாக. குகன் மூச்சை விட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

மா. 6, போனில் அக்காவே. மயக்கக் குரல். "கழுத்து?"

"புடிச்சிருக்கேன்க்கா."

"சாப்டானா?"

"சாம்பார் வேணாம்னு சொல்லிட்டாரு. உண்மைய."

சிரிக்கப் போய் "ஐயோ, தையல்" என்றார்.

ஜூலை 10, வியாழன்

நல்ல வெயில், துணியெல்லாம் காய்ந்தது. செயின் இன்னும் மாற்றவில்லை.

ம. 12க்கு அக்கா வீட்டுக்கு வந்தார். மெல்ல நடை. குகனைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றிக் காட்டினோம். பார்த்துக்கொண்டிருந்தவரின் கைகள் தானாக எழுந்தன. பிறகு மடியில் இறங்கின.

"நான் என்ன செய்யட்டும் தம்பி?"

எனக்கு முன்னால் குகன் சொன்னார்: "பக்கத்துல உக்காருங்கம்மா."

மகனின் நாற்காலியை ஒட்டி சோபாவில் உட்கார்ந்தார். புது பேனரைக் காட்டினார் குகன். அந்த மயிலுக்கு நீலம் போதாது என்றார் அக்கா. குகன் கொஞ்சம் கூட்டினார். இன்னும் கொஞ்சம் என்றார் அக்கா. அதற்குப் பிறகு சத்தமில்லை. சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தேன். அக்காவின் தலை மகனின் தோளில் சாய்ந்திருந்தது.

தோள் வலிக்குமே என்று ஓடிப்போய்த் தலையணையை எடுத்தேன். குகன் கண்ணாலேயே தடுத்தார்.

"இந்தப் பக்கம் வலிக்காது அண்ணே" என்றார் கிசுகிசுப்பாக. "பகல்ல அம்மா தூங்கி நான் பாத்ததே இல்ல. உங்க போன ஆஃப் பண்ணுங்க."

போனை அணைத்தேன். மணி 2.35.